கோட்டுக்கு வெளியே பெய்த மழை

ஜிப்பக்கா கடையில் கால்சட்டையைக் கொடுத்துவிட்டு யாரும் உடனே திரும்பிவிட முடியாது. "இடுப்பைக் கொஞ்சம் பிடிச்சு விடுங்க" என்று ஒருவர் சொன்னால் போதும். ஏன் இளைத்தார், காய்ச்சலா, கவலையா, வீட்டில் இப்போது யார் சமைக்கிறார்கள் என்ற விசாரணை முழுக்க முடிந்த பிறகுதான் இஞ்ச் டேப் வெளியே வரும். கடை இருந்தது ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில். உள்ளே போகப் போகக் கூரை சரிந்துகொண்டே வரும். வருகிறவர்கள் தலையில் 'டங்'கென்று இடித்துக்கொண்ட பிறகு, "பார்த்து, குனிஞ்சு வாங்க" என்பாள். முன்னாடியே சொல்லக் கூடாதா என்று கேட்டால், "இடிச்சவங்கதான் அடுத்த தடவை ஞாபகம் வச்சுக்கறாங்க" என்று பதில் வரும். அந்த வாய்க்கு யார் பதில் சொல்வது?

அறுந்த ஜிப்பை மாற்றுவதில் அந்தத் தெருவிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால் வந்த பெயர்தான் ஜிப்பக்கா. பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷர், வாயில்லாத மனுஷர். இரண்டு பேரும் பேசினால் வீடு தாங்காது என்று ஒருவர் விட்டுக்கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

நீளக் கால்சட்டையைக் குட்டையாக்கக் கொடுக்கிறவர்கள் யாரும் வெட்டின துண்டைத் திருப்பிக் கேட்பதில்லை. அப்படி விழுந்த துண்டுகள் மூட்டையாகி, ஒரு மூட்டை மூன்றாகி, கடையில் கால் வைக்க இடமில்லாமல் போனது. "தூக்கிப் போடும்மா" என்றார் மெக்கானிக். தூக்கிப் போடத்தான் அவிழ்த்தாள். தரையில் கொட்டிப் பார்த்தால், அடேயப்பா, சாம்பல் நிறத்திலேயே இத்தனை வகையா! புகைச் சாம்பல், பூனைச் சாம்பல், மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் தரையில் உட்கார்ந்து துண்டுகளை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தாள். ஜிப் மாற்ற வந்த ஒருவரை, "இன்னைக்கு லீவு" என்று திருப்பி அனுப்பினாள். கடை திறந்துதான் இருந்தது.

முதலில் தைத்த படத்தை எல்லோரும் கெட்டில் என்றார்கள். அவள் தைத்தது பூனை. மனசு விட்டுப்போகிற ஆளா அவள்? அடுத்தது மாடிப்படி, அதற்கடுத்தது ஜன்னலோரத்தில் காயும் துணிகள். போகப்போகப் பூனை பூனையாகவே தெரிந்தது. மேலே துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்ட படம், நடுவில் மெல்லிசாகப் பஞ்சு, அடியில் ஒரு லைனிங். மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போனால் பஞ்சு அங்கங்கே அமுங்கும், அங்கங்கே உப்பும். படத்துக்கு மேடு பள்ளம் வருவது அதில்தான். விவரம் தெரிந்தவர்கள் குயில்ட் என்றார்கள். தெருவில் 'ஜிப்பக்கா போர்வை' என்றார்கள். "போர்த்திக்கிறதுக்கு இல்ல, சுவத்துல மாட்டறதுக்கு" என்று சொல்லிச் சொல்லி அவள் நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

அந்தக் கைத்தையல் அவளுடையது இல்லை. பாப்பாவுடையது.

பாப்பா என்றதும் யாரும் பாவாடை கட்டின பிள்ளையை நினைத்துவிட வேண்டாம். பாப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயது. லிஃப்ட் மெக்கானிக்கின் ஒரே தங்கை, ஜிப்பக்காவின் நாத்தனார். வீட்டுக்குக் கடைசியாகப் பிறந்ததால் வந்த பெயர், தலை நரைத்தும் போகவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டு, அதே கட்டடத்தின் மேல்மாடியில் ஓர் அறையில் தனியாக இருந்தாள். கடையில் மெஷின் ஜிப்பக்காவுக்கு, ஊசி பாப்பாவுக்கு. கொக்கி, பட்டன், கண்ணுக்குத் தெரியாத மடிப்புத் தையல் எல்லாம் அவள் கைதான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதிலும் எட்டு வார்த்தை "ஆமா அண்ணி"யாகத்தான் இருக்கும்.

ஜிப்பக்கா படத்தை வெட்டி, ஒட்டி, மெஷினில் தைத்து முடிப்பாள். எந்த இடத்தில் ஓட்டுத் தையல் போக வேண்டும் என்று ஸ்கேல் வைத்துச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக் கொடுப்பாள். அது சாதாரணப் பேனா இல்லை. அயர்ன் பாக்ஸின் சூடு பட்டதும் கோடு மாயமாக மறைந்துவிடும். தையல்காரர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். அந்த முக்கோணக் கடையில் துணியை இழுத்துக்கட்டும் பெரிய சட்டத்தைப் போட இடம் ஏது? அதனால் பாப்பா தன் அறையில்தான் சட்டம் கட்டித் தைத்தாள். தைத்து முடித்த பகுதியை அயர்ன் பண்ணிச் சுருட்டிவிட்டு அடுத்த பகுதிக்குப் போவாள். முழுப்படமும் கீழே வரும்போது கோடு எதுவும் இருக்காது, தையல் மட்டும் இருக்கும்.

அப்படித்தான் அந்த மழைப் படமும் வந்தது.

கடை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பஸ் ஸ்டாப். நல்ல மழையில் அங்கே நின்றவர்களைத்தான் ஜிப்பக்கா தைத்தாள். செய்தித்தாளைத் தலைக்கு மேல் பிடித்த ஒருவர். பையை வயிற்றோடு அணைத்துக்கொண்ட ஒருத்தி. ஒரே குடைக்குள் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு தோள் வெளியே. ஓரத்தில், குடையும் இல்லாமல், கூரைக்குள்ளும் வராமல், மழைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல நிமிர்ந்து நின்ற ஒரு வயசானவர். வானம் பூராவும் கால்சட்டைத் துண்டுகள். மழைக்குத் துணி கிடையாது. வெள்ளை நூலில் பாப்பா போடும் ஓட்டுத் தையல்தான் மழை. ஜிப்பக்கா ஸ்கேலைச் சாய்த்து வைத்து, மேலிருந்து கீழ்வரை, கோடு கோடாக இழுத்தாள். கட்டுரை நோட்டைச் சாய்த்து வைத்த மாதிரி ஒரே ஒழுங்கு. போட்டு முடித்தபோது முதுகு நிமிரவில்லை. ஆனால் பெருமை தாங்கவில்லை.

பாப்பா மாதக்கணக்கில் தைத்தாள். முடித்ததும் தண்ணீரில் நனைத்து உலரப்போட்டார்கள். நனைத்துக் காயவைத்தால் பஞ்சு கொஞ்சம் சுருங்கும், தையலெல்லாம் நெளிந்துகொடுக்கும். இது இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காய்ந்ததை விரித்துப் பார்த்த ஜிப்பக்கா கையைத் தட்டினாள். மழை வெறுமனே விழவில்லை, காற்றில் அலைந்து அலைந்து விழுந்தது.

"பார்த்தியா பாப்பா? பஞ்சு சுருங்கினதும் என் கோட்டுக்கு உயிர் வந்துடுச்சு!"

"ஆமா அண்ணி" என்றாள் பாப்பா.

நகரத்தின் பெரிய கண்காட்சிக் கூடத்தில் துணிச் சித்திரங்களுக்கென்று ஒரு கண்காட்சி வைக்கப்போவதாக விளம்பரம் வந்தது. ஜிப்பக்கா போட்டோ அனுப்பினாள். தேர்வாகிவிட்டது! கூடத்துப் பொறுப்பாளரான ஓர் அம்மா போனில் கூப்பிட்டுச் சொன்னார். ஜிப்பக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், தெருவுக்கே கேட்கும்.

"படத்துக்குப் பக்கத்துல அட்டை வைப்போம் மேடம். செஞ்சவங்க பேரு எப்படி எழுதணும்?"

பட்டன் தைத்துக்கொண்டிருந்த பாப்பா தலையைத் தூக்கினாள். ஜிப்பக்கா தன் பெயரை, முழுசாக, இனிஷியலோடு சொன்னாள். போனை வைத்தாள்.

"என் பேரு போட மாட்டாங்களா அண்ணி?"

பாப்பா அதைக் கேட்டது மெல்லிய குரலில்தான். கடையில் அப்போது இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். ஆள் இருந்தால் ஜிப்பக்காவின் வாய்க்குக் கொம்பு முளைத்துவிடும்.

"உன் பேரா? கோடு போட்டது நானு. போட்ட கோட்டு மேல ஊசி ஓட்டறதுக்கெல்லாம் பேரு போட்டா, நாளைக்குப் பஞ்சு வித்தவனும் வந்து பேரு கேட்பான்!"

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். ஜிப்பக்காவும் சிரித்தாள். பாப்பா அந்தப் பட்டனைத் தைத்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். சட்டையை மடித்து வைத்தாள்.

"சரி அண்ணி" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனவள், மறுநாள் கடைக்கு வரவில்லை.

அதற்கு மறுநாளும் வரவில்லை. அடுத்த தெருவிலிருக்கும் திரைச்சீலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று மெக்கானிக் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"போகட்டுமே! யாரு கையைப் பிடிச்சா?" என்று கத்தினாள் ஜிப்பக்கா.

"நீ ஒரு வார்த்தை போய்ப் பேசினா..."

"என்னத்தைப் பேசணும்? இல்லாததையா சொன்னேன்? ஏங்க, உங்க தங்கச்சிக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றீங்களா?"

"நான் யாருக்கும் பரிஞ்சுக்கல. ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட லிஃப்ட் மாதிரி நிக்கிறேன். மேலயும் போக முடியல, கீழயும் வர முடியல" என்றார் அவர். அவர் வாழ்க்கையில் தொடர்ந்து பேசிய நீளமான பேச்சு அதுதான்.

வீம்பு இருந்த அளவுக்கு ஜிப்பக்காவுக்குக் கை வரவில்லை. மடிப்புத் தையலை அவளே போட்டாள். "தையல் வெளிய தெரியுதே அக்கா" என்றார் ஒருவர். "தெரிஞ்சா என்ன? யாரு உங்க காலையே பார்த்துக்கிட்டு நிக்கிறா?" என்று அவரை அனுப்பிவைத்தாள். அனுப்பிவிட்டு, காலியாகக் கிடந்த முக்காலியைப் பார்த்தாள். யாரோடு சேர்ந்து அந்த ஆளைக் கிண்டல் பண்ணுவது? பாப்பா பதிலே சொல்ல மாட்டாள்தான். ஆனால் குனிந்த தலை குனிந்தபடியே இருக்க, தோள் மட்டும் குலுங்கும். அந்தக் குலுங்கலுக்காகத்தான் இத்தனை வருஷமாக இவ்வளவு பேசியிருக்கிறோம் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

கண்காட்சி திறக்கிற அன்றைக்குப் பாப்பா பக்கத்தில் இருக்க வேண்டும். அது மட்டும் இல்லாவிட்டால் படம் தொங்கினாலும் ஒன்றுதான், தொங்காவிட்டாலும் ஒன்றுதான். இது ஜிப்பக்காவுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் போய்க் கூப்பிட வாய் வரவில்லை. சொன்ன விதம் தப்பாக இருக்கலாம், சொன்னது தப்பில்லை என்று ஒரு பிடிவாதம். மாடிப்படியில் பாப்பா ஏறும் செருப்புச் சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள். சத்தம் நின்றதும் மறுபடி மிதிப்பாள்.

இதற்கிடையில் கூடத்திலிருந்து ஒரு நிபந்தனை வந்தது. துணியில் பூச்சி, பூச்சி முட்டை ஏதாவது இருந்தால் மற்ற படங்களுக்கும் பரவிவிடும். அதனால் ஒவ்வொருவரும் தங்கள் படத்தைப் பிளாஸ்டிக்கில் நன்றாகச் சுற்றி, ஒரு வாரம் உறைகுளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். "என் படத்துல பூச்சியா?" என்று முதலில் குதித்தாள். பிறகு பக்கத்து ஐஸ்கிரீம் கடைக்குப் போனாள். ஐஸ்கிரீம்காரர் பெரிய ஃப்ரீஸரின் அடியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

"அக்கா, வெனிலா வாசம் வந்தா என்னைக் கேட்கக் கூடாது."

"வந்தா நல்லதுதான். நாலு பேரு கூடுதலா வந்து பார்ப்பாங்க."

ஒரு வாரம் கழித்து எடுத்து, குளிர் விடும்வரை கடையில் வைத்திருந்து, அடுத்த நாள் காலையில் பிளாஸ்டிக்கைப் பிரித்தாள். பிரித்தவள் போட்ட கூச்சலில் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படம் முழுக்கச் சிவப்பு. வானம், குடை, முகம், பை ஒன்றையும் விடவில்லை. பூனை பிறாண்டினமாதிரி மேலிருந்து கீழ்வரைக்கும் சிவப்புக் கீறல்கள்.

ஐஸ்கிரீம்காரர் அலறியடித்து ஓடிவந்தார். தலையில் இடித்துக்கொண்டார்.

"அக்கா, என் ஃப்ரீஸர் மேல சத்தியமா ஒண்ணும் இல்ல! ஸ்ட்ராபெர்ரி தீர்ந்து போய் ரொம்ப நாளாச்சு!"

"அட சும்மா இருங்க" என்றாள் ஜிப்பக்கா. படத்தின் மேல் குனிந்தாள். அந்தக் கீறல்கள் ஸ்கேல் பிடித்தமாதிரி இருந்தன. ஸ்கேல் பிடித்துத்தான் போட்டவை. அவள் போட்டவை. சூட்டில் மறைந்த மை அழிந்துபோகவில்லை, நிறத்தை மட்டும் ஒளித்துவைத்திருக்கிறது. குளிர் பட்டதும் மறுபடி வந்து நிற்கிறது. பேனாக் கடைக்காரன் பாதியைத்தான் சொல்லி விற்றிருக்கிறான், பாவி.

போன உயிர் திரும்பி வந்தது. சூடு காட்டினால் மறுபடியும் மறைந்துவிடும், அவ்வளவுதானே! ஐஸ்கிரீம்காரரை அனுப்பிவிட்டு அயர்ன் பாக்ஸை மாட்டினாள். அது சூடாகும்வரை சும்மா இருக்க முடியாமல், ஒரு கோட்டின் மேல் விரலை வைத்துக் கீழே இழுத்துக்கொண்டே போனாள். விரலுக்கடியில் தையல் தட்டுப்படவில்லை.

பக்கத்துக் கோட்டில் விரலை வைத்தாள். அதிலும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தாள். கோடுகள் ஒரு பக்கம் போயின, தையல் வேறொரு பக்கம் போனது. பஞ்சு எவ்வளவுதான் சுருங்கினாலும் கோடும் தையலும் சேர்ந்தல்லவா நெளிந்திருக்க வேண்டும்? கோடு நெளியவில்லை. தையல் தன் இஷ்டத்துக்கு வளைந்திருந்தது.

அவள் போட்ட கோட்டில் மழை எல்லோர் தலையிலும் ஒரே சீராக விழுந்தது. பாப்பா தைத்த மழை அப்படி விழவில்லை. செய்தித்தாள்காரர் தலைக்கு மேல் பட்டுத் தெறித்தது. ஒரே குடைக்குள் நின்ற இரண்டு பேருக்குப் பக்கத்தில் வந்ததும் மெலிந்து, வெளியே நின்ற தோள்களில் மட்டும் நெருக்கமாக விழுந்தது. பையை அணைத்துக்கொண்டவளின் பைமேல் ஒரு தையல்கூட விழவில்லை. ஓரத்தில் நிமிர்ந்து நின்ற அந்த வயசானவரை மழை தொடவே இல்லை. ஒரு நூலளவு இடம் விட்டுச் சுற்றி இறங்கி, அவர் காலடியில் சேர்ந்துகொண்டது.

ஜிப்பக்கா பாப்பாவின் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவமானமாக இருந்தது, சொல்ல முடியாத அவமானம். இரண்டு பேர் முன்னால் "போட்ட கோட்டு மேல ஊசி ஓட்டறது" என்று சொன்னோமே! போட்ட கோட்டில் ஒன்றின் மேல்கூட அவள் ஓட்டவில்லையே! தன் கோட்டுப்படி தைத்திருந்தால் இந்தப் படம் தேர்வாகியே இருக்காது என்பதும் புரிந்தது. அதோடு, அவமானத்தைத் தள்ளிக்கொண்டு இன்னொன்றும் மேலே வந்தது. என்ன அழகு! அவளையறியாமல் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "அடிப்பாவி" என்றாள் சத்தமாக. "வாயே திறக்காம இதையா பண்ணிக்கிட்டு இருந்தே?"

அயர்ன் பாக்ஸ் சூடாகிக் காத்திருந்தது. ஸ்விட்சை அணைத்தாள். படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கடையைப் பூட்டக்கூட மறந்து, அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

திரைச்சீலைக் கடையில் பாப்பா ஒரு நீளமான மேஜை முன்னால் நின்று மடிப்புகளுக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். முதலாளி "என்ன வேணும்மா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் வேணாம், எங்க வீட்டு விஷயம்" என்றாள் ஜிப்பக்கா. அந்த மனிதர் சட்டென்று ஒதுங்கிக்கொண்டார். விவரமான ஆள்.

படத்தை மேஜைமேல் விரித்தாள். பாப்பாவின் முகம் வெளுத்துப்போனது.

"கோடெல்லாம் திரும்பி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. ஃப்ரீஸர்ல வச்சேன், ஒண்ணு விடாம வந்துடுச்சு. ஒரு கோட்டுல கூட நீ தைக்கல."

பாப்பா, திட்டு விழப்போகிறது என்று தோள் இரண்டையும் குறுக்கிக்கொண்டாள். அதை ஜிப்பக்கா பார்த்தாள். இத்தனை வருஷமாக நம் முன்னால் இவள் இப்படித்தான் நின்றிருக்கிறாளா?

"ஏன் என்கிட்ட சொல்லல பாப்பா?"

"நீங்க கஷ்டப்பட்டுக் கோடு போட்டிருந்தீங்க அண்ணி. முதுகு வலிக்க வலிக்கப் போட்டீங்க. முதல் வரிசையை அதுமேலதான் தச்சேன். மழை மாதிரியே இல்ல, கம்பி மாதிரி இருந்துச்சு. பிரிச்சுட்டேன். அப்புறம் அவங்கவங்களைப் பார்த்துப் பார்த்துத் தச்சேன். அயர்ன் பண்ணிட்டா உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். பஞ்சு சுருங்கி அப்படி ஆச்சுன்னு நீங்களே சொன்னீங்க. சந்தோஷமா சொன்னீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

பாப்பா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி ஜிப்பக்கா கேட்டதே இல்லை.

"தப்பு பண்ணிட்டேன் பாப்பா. ரெண்டு பேரு முன்னாடி உன்னை மட்டம் தட்டிட்டேன். உன் வேலையையும் மட்டம் தட்டிட்டேன். மன்னிச்சுக்கோ."

சொல்லிவிட்டாள். நாக்கு ஒன்றும் அறுந்து விழுந்துவிடவில்லை. பாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

"இதை இப்படியே கொண்டுபோய் மாட்டப்போறேன்" என்றாள் ஜிப்பக்கா. "சிவப்பு கோட்டோட. வர்றவங்க எல்லாரும் பார்க்கட்டும். இந்த மடச்சி போட்ட கோடு இது, பாப்பா தச்ச மழை இதுன்னு அத்தனை பேருக்கும் தெரியட்டும். எனக்கு அதுதான் வேணும்."

பாப்பா நிமிர்ந்தாள். ஜிப்பக்கா அதுவரை பார்க்காத ஒரு முகம்.

"அதெல்லாம் வேணாம். உங்களுக்குத் தண்டனை வேணும்னா வீட்டுல வச்சு அனுபவிங்க அண்ணி. என் மழை மேல வேணாம்."

கடையின் ஓரத்தில் திரைச்சீலை அளந்துகொண்டிருந்த முதலாளியே ஒரு கணம் கையை நிறுத்தினார். ஜிப்பக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சரிம்மா. உன் மழை. நீ சொல்றபடி."

அந்தக் கடையின் பெரிய அயர்ன் பாக்ஸை வாங்கி, இரண்டு பேரும் படத்தை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு தேய்த்தார்கள். சூடு போகிற இடத்திலெல்லாம் சிவப்பு மறைந்தது, வெள்ளை மழை மட்டும் நின்றது. அத்தாட்சி என்று இருந்தது அந்தக் கோடுகள்தான், அதையும் அழித்தாயிற்று. இனி ஜிப்பக்கா தன் வாயால் சொன்னால்தான் உண்டு.

"கடைக்குத் திரும்பி வர்றியா?" என்று துணியை மடிக்கும்போது கேட்டாள்.

"யோசிக்கிறேன் அண்ணி" என்றாள் பாப்பா. ஆமா அண்ணி இல்லை, சரி அண்ணி இல்லை. யோசிக்கிறாளாம். யோசிக்கட்டும், யோசிக்க வேண்டியதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஜிப்பக்கா திரும்பினாள். கடை திறந்தபடியே கிடந்தது. ஐஸ்கிரீம்காரர் வாசலில் காவலுக்கு நின்றிருந்தார்.

படத்தைக் கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, பாப்பா பேரும் போட வேண்டும் என்றதற்குப் பொறுப்பாளர் அட்டை அச்சாகிவிட்டதே என்று இழுத்தார். ஜிப்பக்கா விடவில்லை. நடந்ததைத் தலையிலிருந்து கால்வரை சொன்னாள், தான் பேசின பேச்சையும் மறைக்காமல் சொன்னாள். பஞ்சு வித்தவன் கதையையும் சேர்த்துத்தான். அந்த அம்மா கேட்டுவிட்டு, படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். மழை அந்த வயசானவரைச் சுற்றிக்கொண்டு போகிற இடத்தில் ரொம்ப நேரம் நின்றார். "வேற அட்டை போட்டுடலாம்" என்றார்.

திறப்பு நாளன்று மெக்கானிக் முழுக்கைச் சட்டை போட்டு, தலை வாரி, கூடத்தின் லிஃப்டில் வரும்போது அது எந்தக் கம்பெனி லிஃப்ட் என்று ஆராய்ந்துகொண்டே வந்தார். சுவரில் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே மழை பெய்துகொண்டிருந்தது. பக்கத்தில் அட்டை, அட்டையில் இரண்டு பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக இல்லாமல் ஒரே வரியில். அதைப் படிக்க வேண்டியவளைத்தான் காணோம்.

ஜிப்பக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் படத்தைப் பாராட்டினார்கள். யார் பாராட்டினாலும், "கைத்தையல் பூராவும் என் நாத்தனாரு. நான் போட்டுக் கொடுத்த கோடு எதுவும் சரியில்ல, அவதான் சரி பண்ணா" என்றாள். சிலர் தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள். "தன்னடக்கமா? எனக்கா? எங்க தெருவுல போய்க் கேளுங்க" என்று அவர்கள் மேல் பாய்ந்தாள். மெக்கானிக் அவள் முழங்கையை மெதுவாகத் தொட்டு அடக்கினார்.

மதியம் தாண்டி, சாயங்காலமும் ஆனது. வரமாட்டாள் போலிருக்கிறது என்று ஜிப்பக்கா நினைத்துக்கொண்டாள். அட்டையில் பேரைப் போட்டுவிட்டால் பட்ட காயம் ஆறிவிடுமா என்ன? தண்ணீர் குடிக்கத் திரும்பினாள். திரும்பினால், பாப்பா படத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். எப்போது வந்தாள், எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. கையில் திரைச்சீலைக் கடையின் பை. வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள். அட்டையைப் படிக்கவில்லை. மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ தைத்ததைப் பார்ப்பவள் மாதிரி, கொஞ்சம் தலையைச் சாய்த்து.

ஜிப்பக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

வயதான ஒரு தம்பதி வந்து நின்றார்கள். அந்தப் பெண்மணி கண்ணைச் சுருக்கிப் படத்தை ஓரம்வரை பார்த்துவிட்டு, இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"நீங்கதான் செஞ்சீங்களா? யாரு எதைத் தச்சீங்க?"

ஜிப்பக்காவின் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. காலையிலிருந்து சொல்லிச் சொல்லித் தயாராக இருந்த பதில் நாக்கு நுனியில் நின்றது. பாப்பாவைப் பார்த்தாள். பாப்பாவின் உதடு அசைந்தது. ஜிப்பக்கா வாயை மூடிக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்ததை மெக்கானிக் நம்ப முடியாமல் பார்த்தார்.

"ஆளுங்களை அண்ணி தச்சாங்க" என்றாள் பாப்பா. "மழை நான் தச்சேன்."

"ரொம்ப நல்லா இருக்கும்மா. நானே நனைஞ்ச மாதிரி இருக்கு. இது எந்த இடம்?"

பாப்பா யோசிக்கவே இல்லை.

"எங்க கடைக்கு எதிர்ல இருக்கிற பஸ் ஸ்டாப்" என்றாள்.